பெயர்த்தகடு இல்லாத பாஸ் கிட்டார்

அக்டோபர் 3, வியாழன்

காலை ஜெபம் முடிந்தது. இவர் ஆறரைக்கே துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டார். எடைமேடையில் இன்று உர லாரிகள் வரிசையாம். சாளை மீன் அரைக் கிலோ எழுபது ரூபாய். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

பதினொரு மணிக்கு லேயாள் அக்கா வந்தாள். போர்வையில் சுற்றிய நீளமான ஒன்றைத் தோளில் சாய்த்து, பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறாள். அறுபத்தாறு வயதில் இது தேவையா என்று கேட்டேன்.

“கண்டக்டர் இதுக்கும் சேத்து டிக்கெட் கேக்கான்ட்டி. உயிருள்ள ஆளா, செத்த ஆளான்னு கேட்டேன். வாய மூடிட்டான்.”

போர்வைக்குள் இருந்தது அவள் வீட்டுக்காரர் பாக்கியநாதன் அண்ணனின் பாஸ் கிட்டார். அண்ணன் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தவர். 1970-இல் ஜப்பானில் கரை இறங்கியபோது வாங்கியது. எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் முப்பது வருடம் இதை வாசித்தார். அவர் போய் இரண்டு வருடமாகிறது.

“இதுக்கெல்லாம் வெல சொல்லுத ஆளு ஊருல நீ ஒருத்திதானே எமி. பாத்துச் சொல்லு. கூரை ஓடு மாத்தணும். கொத்தனாரு அம்பத்தஞ்சாயிரம் கேக்கான். மழைக்கு முன்னால மாத்தலேன்னா சுவரும் சேந்து எறங்கிரும்னு சொல்லுதான்.”

நான் இந்தத் தொழிலைப் படித்து வந்தவள் இல்லை. என் தம்பி இறந்தபோது அவன் பாஸை ஒரு கடைக்காரரிடம் மூவாயிரத்துக்குக் கொடுத்தேன். அவர் அதை நாற்பதாயிரத்துக்கு விற்றார் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கோபத்தில்தான் போனில் தேடித் தேடிப் படித்தேன், நோட்டுப் போட்டு எழுதினேன். நம் ஊர்க் கப்பல்காரர் வீடுகளில் இப்படிப்பட்டவை அலமாரி மேலும் கட்டில் அடியிலும் கிடக்கின்றன. மூன்று வருடத்தில் பதினொன்று வாங்கி விற்றிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஆலயத்துக்கான பத்தில் ஒரு பங்கை, தசமபாகத்தை, முதலில் எடுத்து வைத்துவிடுவேன்.

அக்காவின் பாஸைக் கட்டிலில் கிடத்திப் பார்த்தேன். கம்பி நீளம் முப்பது அங்குலம், குட்டை ரகம். கழுத்து ஐந்து பட்டை மரம், கறுப்பும் வெளுப்புமாக. உடலோடு கழுத்தைச் சேர்க்கும் தகட்டில் ‘ஜப்பான்’ என்ற முத்திரை. கம்பியின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப்பின் மூடிக்குள் தங்க நிறத் தாள். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் மூடியைக் கழற்றினால் அடியில் பழைய பஞ்சுத் துண்டுகூட அப்படியே இருக்கிறது. தலையில் பெயர்த்தகடு மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள். இஞ்சு டேப்பால் அவற்றின் இடைவெளியை அளந்தேன்.

அந்தக் காலத்து ஜப்பானில் ஒரே தொழிற்சாலை பத்துப் பெயரில் கிட்டார் செய்து அனுப்பியது. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் மலிவுச் சரக்கு. எனவே தலையில் உள்ள பெயரை நம்பக் கூடாது, உடம்பைப் பார்க்க வேண்டும் என்பது இதில் முதல் பாடம்.

“அக்கா, ஜப்பான்தான். ஆனா பிள்ளையள் பழகுததுக்கு மலிவாச் செஞ்சது. பேர்த்தகடும் இல்ல. நாலாயிரம் போகும்.”

“நாலாயிரமா?”

“ஆமா.”

அக்கா போர்வையை மறுபடி சுற்றினாள். காபி வேண்டாம் என்றாள். நானே பஸ் ஸ்டாப் வரை தூக்கிச் சென்று ஏற்றிவிட்டேன்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மலிவாகச் செய்ததுதான். தகடும் இல்லைதான்.

அக்டோபர் 4, வெள்ளி

உபவாச ஜெபம். நேற்று எடுத்த படங்களைப் பெங்களூருக்கு அனுப்பினேன்.

அக்டோபர் 5, சனி

பெங்களூர் ரகுராம் சார் காலையிலேயே அழைத்தார். பழைய ஜப்பான் கிட்டார்களைச் சேர்க்கிறவர். என்னிடம் ஏழு வாங்கியிருக்கிறார்.

“அம்மா, அந்தத் துளை இடைவெளி எவ்வளவு?”

சொன்னேன். அவர் மறுமுறையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “இதை வேற யாருக்கும் காட்டாதீங்க. அறுபத்தெட்டாயிரம் தரேன்,” என்றார்.

எனக்கு அது புதிய செய்தி இல்லை. அந்த இடைவெளி, சேகரிப்பவர்கள் தேடும் அரிய ரகத்தின் தகட்டுக்கு மட்டும்தான் பொருந்தும். அளந்தபோதே என் நோட்டில் எழுபதாயிரம் என்று எழுதிவைத்திருந்தேன்.

மகள் பிளெஸ்ஸிக்கு நர்சிங் கடைசி வருடக் கட்டணம் நவம்பரில் கட்ட வேண்டும். இவர் வட்டிக்கு வாங்கலாம் என்கிறார். எனக்கு வட்டி பிடிக்காது.

கிறிஸ்துமஸுக்கு லேயாள் அக்காவுக்கு நல்ல சேலையாக ஒன்று எடுக்க வேண்டும். கூரைக்கும் நம்மால் ஆனதைக் கையில் கொடுக்கலாம். பெயர் சொல்லாமல் கொடுத்தால் இன்னும் நல்லது.

அக்டோபர் 7, திங்கள்

நாலாயிரத்து ஐந்நூறைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஐந்நூறு கூட்டியது நானாகத்தான்.

அக்கா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கிட்டார் கட்டிலில் இல்லை.

“அத ஆலயத்துக்குக் குடுத்திட்டேன்ட்டி.”

“என்னக்கா சொல்லுதிய?”

“நாலாயிரத்துக்கு வித்து என்ன செய்ய? கூரைல ஒரு மூலைக்குக் காணாது. அவரு அதுல வாசிச்சது எல்லாம் ஆண்டவருக்குத்தானே. அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் போகட்டும்னு நேத்து ஆராதனை முடிஞ்சு போதகர் ஐயாட்ட ஒப்படச்சிட்டேன்.”

“கூரை?”

“தார்ப்பாய் போட்டுக்கிடுவேன். அவரு கப்பல்ல தார்ப்பாய்க்கு அடியில படுத்த கதையெல்லாம் சொல்லுவாரு. நானும் படுத்துப் பாக்கேன்.”

சிரித்தாள். கையில் கிடந்த மாவோடு என் கன்னத்தைத் தட்டினாள். நான் கவரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நான்கு முறுக்கு சாப்பிட்டேன்.

அக்டோபர் 12, சனி

பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கணக்கு என்னிடம் இருப்பதால், ஏலப் பொருள் பட்டியலை அழகாக எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டார். வாழைத்தார் பதினான்கு, தேங்காய், கோழி ஆறு, ஆடு ஒன்று, தையல் மிஷின் ஒன்று. முப்பத்தொன்றாவதாகப் பழைய பாஸ் கிட்டார். கையெழுத்துப் பிரதியில் ஐயா எழுதியிருந்தார்: ‘மதிப்பு நாலாயிரம், மதிப்பிட்டவர் எமீமாள்.’

அதை அப்படியே என் கையால் திரும்ப எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது.

அக்டோபர் 19, சனி

நாளை ஏலம். இவரிடம் சொன்னேன்: “அந்தக் கிட்டாரை விட்டுறாதிய. பதினைஞ்சாயிரம் வரைக்கும் கேளுங்க.”

“நீதான் நாலாயிரம்னு போட்டிருக்க?”

“ஏலத்துல ஏறும்லா. கேளுங்க.”

“சரிம்மா,” என்றார். இவர் மேற்கொண்டு கேட்கிற ஆள் இல்லை. இருபத்தாறு வருடத்தில் என் கணக்கை ஒருமுறைகூடச் சரிபார்த்ததில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு. அறுப்பின் பண்டிகை

எழுத உட்கார்ந்து அரை மணி நேரமாகிறது.

ஆராதனை முடிந்து பந்தலில் ஏலம். எங்கள் ஏலத்தில் யாரும் சந்தை விலை பார்ப்பதில்லை. ஒரு எலுமிச்சம் பழம் எண்ணூறு ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் மனம் நிறைந்துபோனால் பொருளைத் திரும்ப மேடையிலேயே வைத்து ‘மறு ஏலம்’ என்று சொல்லிவிடுவார். அது ஆலயத்துக்குச் செய்யும் பெரிய காணிக்கை. சென்ற வருடம் ஒரே சேவல் ஐந்து பேரிடம் போய்வந்தது. இதெல்லாம் நான் சிறுபிள்ளையிலிருந்து பார்க்கிறது. இருந்தும் எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை.

முப்பத்தொன்று வந்ததும் வாலிபர் சங்கச் செயலர் லிவிங்ஸ்டன் கிட்டாரைத் தூக்கிக் காட்டினான். “பாக்கியநாதன் அண்ணன் கை பட்டது! ஆரம்பம் ரெண்டாயிரம்!”

இவர் கை தூக்கினார். ஐஸ் பிளான்ட் முதலாளி கை தூக்கினார். ஐந்து, ஏழு, எட்டு. ஒன்பதாயிரத்து ஐந்நூறில் முதலாளி கும்பிட்டு விலகினார். மணி அடித்தார்கள். இவர் மேடைக்குப் போய் கிட்டாரை வாங்கினார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

முன்வரிசையில் லேயாள் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவர் அதைப் பார்த்தார். கிட்டாரைப் பார்த்தார். மைக்கை வாங்கி, “மறு ஏலம்!” என்றார்.

பந்தல் முழுக்கக் கைதட்டல். நான் எழுந்துவிட்டேன். எல்லாரும் நான் சந்தோஷத்தில் எழுந்ததாக நினைத்து என்னையும் பார்த்துக் கைதட்டினார்கள்.

மறு ஏலத்தில் வாலிபர் சங்கம் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்தது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பழக. போதகர் ஐயா மைக்கில் சொன்னார்: “சகோதரி எமீமாள் நாலாயிரம்னு மதிப்புப் போட்ட பொருளைக் கர்த்தர் பதினாறாயிரமாக்கினார். நாலு மடங்கு!”

அக்கா வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, நீங்க நல்லா இருக்கணும்.”

அசனத்தில், ஆலயத்தின் பொது விருந்தில், இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

“எதுக்கு மறு ஏலம் விட்டிய?” என்று கேட்டேன்.

“நாலாயிரம் பெறுத சாமானத் தூக்கிட்டு வந்து வீட்டுல வச்சு என்ன செய்ய எமி? அந்த அக்கா அழுததப் பாத்தியா?” என்றார்.

 இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன்.

அக்டோபர் 24, வியாழன்

இரவு முழுக்க மழை. காலையில் கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். தார்ப்பாய் ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. கட்டிலை அடுக்களைக்கு நகர்த்தியிருந்தாள். வடக்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு பெயர்ந்து தரையில் கிடந்தது.

“எங்க வீட்டுக்கு வந்திருங்க அக்கா, மழை முடியுத மட்டும்.”

“வீட்டைப் போட்டுட்டா? நாளைக்கு வந்து பாத்தா வீட்டுக்குப் பதிலா மண்ணுதான் கிடக்கும்.” கஞ்சியை ஊதிக் குடித்தாள். “போட்டும். அவரு பேருல ஆலயத்துக்கு ஒண்ணு செஞ்சிட்டேன்லா. நீ மட்டும் உண்மை வெலயச் சொல்லலேன்னா நான் இத அம்பதுக்குப் போவும் அறுபதுக்குப் போவும்னு கட்டிக்கிட்டுல்லா அழுதிருப்பேன்.”

ரகுராம் சார் இன்று இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை.

அக்டோபர் 26, சனி

ஆலயத்துக்கு விளக்கு எண்ணெய் கொடுக்கப் போனேன். பின்கட்டில் லிவிங்ஸ்டன் பெஞ்சில் கிட்டாரைக் கிடத்தி, கையில் உப்புத்தாளோடு நின்றான். பக்கத்தில் வெள்ளை பெயின்ட் டப்பா.

“வாங்கக்கா. சுரண்டிட்டு வெள்ளை அடிக்கலாம்னு இருக்கோம். தலையில இந்த ரெண்டு ஓட்டையையும் மெழுகு வச்சு அடச்சிட்டு ஒரு சிலுவை ஒட்டிரலாம். எப்படி இருக்கும்?”

பழைய நிறத்தைச் சுரண்டினால் அந்தக் கிட்டார் உண்மையிலேயே நாலாயிரம்தான் பெறும். நான் சொன்ன விலை சரியாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரியவராது. இந்த எண்ணம் எனக்கு வந்தது. வந்ததை எழுதிவைக்கிறேன்.

“அடிக்காத,” என்றேன்.

“ஏங்கக்கா?”

“மழை ஈரத்துல பெயின்ட் காயாது. கொப்புளிச்சிரும். வெயில் வரட்டும்.”

“அட, ஆமால்லா. அதுக்குத்தான் தெரிஞ்ச ஆளு வேணுங்கது.” உப்புத்தாளை மடித்துப் பையில் வைத்தான்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 3, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து ஆராதனை. அப்பமும் ரசமும் வாங்க எங்கள் வரிசை எழுந்தபோது நான் எழவில்லை. இவர் தோளைத் தொட்டார். தலையை ஆட்டினேன். அவர் மட்டும் போனார். திடப்படுத்தலுக்குப் பிறகு முப்பத்திரண்டு வருடத்தில், பிரசவ மாதங்கள் தவிர, நான் பீடத்துக்குப் போகாமல் உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. பின்வரிசைகளிலிருந்து ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். ஒவ்வொரு சேலையும் என்னிடத்தில் வந்ததும் கொஞ்சம் தயங்கிப் போயிற்று.

வெளியே வேப்பமரத்தடியில் லேயாள் அக்கா பிடித்துக்கொண்டாள். “என்னட்டி, உடம்புக்கு என்ன?”

“அக்கா, அந்தக் கிட்டார் அறுபத்தெட்டாயிரம்.”

அக்காவுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். பெங்களூர் ஆளைச் சொன்னேன். கவரில் நாலாயிரத்து ஐந்நூறோடு வந்ததைச் சொன்னேன். முறுக்கு சாப்பிட்டதையும் சொன்னேன், எதற்கென்று தெரியவில்லை.

“எங்கிட்ட வெல சொன்ன அன்னைக்கு உனக்குத் தெரியாதுல்லா?”

“தெரியும்.”

அக்கா மரத்தில் சாய்ந்துகொண்டாள். 

“வேற யாராச்சும்னா வஞ்சிருப்பேன்,” என்றாள். “அன்னைக்கு நீ எனக்கு பஸ் ஸ்டாப்பு மட்டும் தூக்கிட்டு வந்தியேட்டி. அத நெனச்சு நெனச்சு நான் உனக்காக ஜெபம் பண்ணிருக்கேன்.”

அவள் திட்டியிருக்கலாம்.

பிறகு சொன்னாள்: “ஆண்டவருக்குக் குடுத்ததத் திருப்பிக் கேக்க நான் போவ மாட்டேன். அந்தப் பேரு எனக்கு வேண்டாம். நீ போய்க் கேளு.”

நவம்பர் 6, புதன்

ஆலய அலுவலக அறையில் போதகர் ஐயா, லிவிங்ஸ்டன், இவர், லேயாள் அக்கா, நான். என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் மடக்கிய குடையைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நான் மதிப்புப் போட்டதுல பிசகிருச்சு. இப்பதான் பெங்களூர்ல விசாரிச்சேன். அறுபதுக்கு மேல போகுமாம்,” என்றேன்.

‘இப்பதான்’ என்ற சொல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. மனப்பாடம் செய்ததில் அது இல்லை.

 அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேசை விரிப்பைப் பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

லிவிங்ஸ்டன்தான் முதலில் பேசினான். “அப்பம் இது அக்காவோட கூரைல்லா! எங்க ஆறாயிரத்து ஐநூறு வந்தாப் போதும் ஐயா, நாங்க பிள்ளையளுக்கு வேற வாங்கிக்கிடுதோம். நல்ல வேளை, எமி அக்கா பெயின்ட் அடிக்க விடல.”

இவர் உடனே, “அந்தப் பணத்த நான் தாரேன். பிசகினது எங்க வீட்டுலதானே,” என்று சட்டைப்பையிலிருந்து எடுத்து எண்ணி வைத்தார். போன மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு, இப்போது இது. பிளெஸ்ஸியின் கட்டணத்துக்கு என்று வட்டிக்கு வாங்கியதிலிருந்து எடுத்திருக்கிறார்.

போதகர் ஐயா எழுந்து நின்று ஜெபித்தார். “தப்பைத் தானே வந்து ஒத்துக்கொள்ளும் மனசை எங்கள் சகோதரிக்குக் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம்.” எல்லாரும் ஆமென் என்றார்கள். அக்காவும் சொன்னாள்.

நவம்பர் 8, வெள்ளி

அக்கா வீட்டில் அமர்ந்து, ஸ்பீக்கரில் போட்டு ரகுராம் சாரை அழைத்தேன். அக்காதான் அப்படிப் போடச் சொன்னாள்.

“அறுபத்தெட்டு சொல்லியிருந்தேனே அம்மா,” என்றார்.

அக்கா போன் பக்கம் குனிந்தாள். “எழுபதாக் குடுங்க சார். எம் புருசன் இஞ்சின் சூட்டுல வெந்து சம்பாரிச்சு வாங்கினது. பஞ்சுகூட அப்படியே இருக்குன்னு இவ சொல்லுதா.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “சரிம்மா, எழுபது.”

“பாத்தியா, ஒங்கிட்டக் கேட்டதுக்கு அவருகிட்டயே கேட்டிருக்கலாம்,” என்றாள் அக்கா. நான் சிரிக்க வேண்டுமா என்று தெரியவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

ரகுராம் சாரின் ஆள் திங்கட்கிழமை வந்து கிட்டாரை எடுத்துப் போனான். பணம் அக்கா கணக்குக்கு வந்துவிட்டது. இன்று கூரை வேலை தொடக்கம். மதியம் ஆட்களுக்குச் சோறு கொண்டுபோனேன்.

அக்கா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினாள். ஏழாயிரம்.

“என்னக்கா இது?”

“பத்துல ஒண்ணு. வித்துக் குடுத்ததுக்குக் கூலி.”

“வேண்டாம்க்கா. சத்தியமா வேண்டாம்.”

“புடி. நீ வாங்கலேன்னா நீ எனக்கு உபகாரம் செஞ்ச மாதிரி ஆயிரும். நாளைக்கு ஊருல எல்லாரும், எமி காசு வாங்காம அக்காவுக்குக் கூரை போட்டுக் குடுத்தாள்னு சொல்லுவாவ. அதுக்கு நான் விட மாட்டேன்ட்டி.”

கவரை என் கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள். பிறகு கேட்டாள்: “தம்பிக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அன்னைக்கு ரூம்புல நான் வாயத் தொறக்காதது அவருக்காகத்தான். குடையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரே, அதுக்காக. உனக்காகன்னு நெனச்சிராத.”

மேலே கொத்தனார் தண்ணீர் கேட்டார். அக்கா செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். இவர் கைலியோடு டிவி முன் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கவரைப் பார்த்து, “அது என்ன எமி?” என்றார்.

“லேயாள் அக்கா குடுத்த கூலி.”

“கூலியா? எதுக்கு?”

“அந்தக் கிட்டாரோட வெல எனக்கு முதல் நாளே தெரியும்,” என்றேன்.

அவர் டிவியை நிறுத்தினார். கடலைத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, நான் உட்கார நாற்காலியை இழுத்துப் போட்டார்.